காட்டுக்கு முன் வந்த வீடுகள்

நரேலா,
14 ஜூன் 2024

திருமதி காந்திமதி அவர்களுக்கு,

என் பெயர் அம்பிகா. டெல்லியின் தெற்கு ரிட்ஜ் குன்றுகள் ஓரம் பஹாடி கேம்பில் இருந்தேன். இருந்தேன் என்றுதான் எழுத வேண்டும். மே 30-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு நான்கு புல்டோசர்கள் வந்து அறுபது வீட்டையும் இடித்துத் தள்ளிவிட்டன. இப்போது நரேலாவில் ஒரு வாடகை அறையில் ஒன்பது பேர் இருக்கிறோம்.

எங்கள் வழக்கைப் பார்க்கும் வக்கீல் சுபாஷிணி மேடம் நேற்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு படம். ரிட்ஜ் முழுக்கப் பச்சை, நடுவில் சிவப்பு. சிவப்பு என்றால் 2001-க்கும் 2022-க்கும் இடையில் அழிந்த காடாம். எங்கள் கேம்ப் முழுக்கச் சிவப்பு. கீழே, ஆய்வு: எஸ். காந்திமதி.

கேம்ப் 2006-க்கு முன்னால் இருந்தது என்று காட்டினால் மாற்று வீடு உண்டு. எங்களிடம் பழைய ரேஷன் கார்டு இருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு இந்தப் படத்தை நீட்டி, ‘காடு இருந்த இடத்தில் ரேஷன் கார்டு எப்படி வந்தது? எல்லாம் போலி’ என்கிறார்கள்.

டெல்லியில் எத்தனை காந்திமதிகள் இருப்பார்கள்? திருநெல்வேலிக்காரர்கள்தான் இந்தப் பெயரை வைப்பார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் சொன்னாய். நீயாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். இந்த அறையில் இரண்டுக்கும் இடமில்லை. எழுது. தமிழ் மறந்திருந்தாலும் பரவாயில்லை, தப்பும் தவறுமாக எழுது.

அம்பிகா

*

மயூர் விஹார்,
22 ஜூன் 2024

அன்புள்ள அம்பிகா,

உன் கடிதம் எங்கள் ஆபீஸ் தபால் மேசையில் நான்கு நாள் கிடந்திருக்கிறது. ஆமாம், நான்தான்.

இடித்த செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பார்ப்பது ஊரை அல்ல. எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படங்களை. அதில் ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். ஒரு புள்ளி எவ்வளவு பச்சை என்று பழைய படத்திலும் புதிய படத்திலும் அளந்து, குறைந்திருந்தால் சிவப்பு, கூடியிருந்தால் நீலம் போடுகிறோம். பஹாடி கேம்ப் என்றோ யார் வீடு என்றோ அதில் எழுதியிருக்காது.

நாங்கள் பார்த்த பகுதியில் இருபத்தேழு ஏக்கர் மரம் குறைந்திருக்கிறது. அது பொய்யில்லை. குறைந்ததைக் குறைந்தது என்று எழுதுவதுதான் என் வேலை. அதை வைத்து யார் எதை இடிப்பார்கள் என்பது எங்கள் கையில் இல்லை.

இந்தப் பத்தியைத் திரும்பப் படித்தால் எனக்கே பிடிக்கவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

உன் அப்பா எப்படி இருக்கிறார்? பாத்திரம், ஃபேன், ஏதாவது வேண்டுமா? வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். இனி இங்கேயே எழுது.

மதி

*

நரேலா,
1 ஜூலை 2024

மதி,

ஃபேன் வேண்டாம்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். தினமும் காலையில் டீ குடித்துவிட்டு மூன்று பஸ் மாறி பஹாடி கேம்புக்குப் போகிறார். இடிந்த கல் மேல் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார். ‘எதுக்குப்பா போற?’ என்றால், ‘இங்க எங்க உக்கார்றது?’ என்கிறார்.

பெயர் இல்லாத புள்ளி என்கிறாய். ஏழாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை தவறாமல் என்னோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது யார்? கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, வீட்டில் வாசனை தெரியாமலிருக்க வேப்பிலையை மென்று துப்பியது யார்? எங்கள் சந்து வேப்பமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதாயே. அண்ணன் முத்துதான் ஏணி கொண்டுவந்தான். அந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, அப்படித்தானே?

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 2001-ல் அங்கே காடு இருந்தது என்று உன் படம் சொல்வதைக் கேட்டுச் சிரித்தார். இடித்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

‘எண்பத்தி நாலுல நாங்க வந்தப்ப ஏதும்மா காடு? கல்லு குவாரிம்மா அது. காண்ட்ராக்டர் லாரியில கொண்டாந்து எறக்கினான். பொம்பளைங்க ஒதுங்கக்கூட ஒரு செடி கெடையாது, எங்க பாத்தாலும் வெள்ளத் தூசி. குவாரிய மூடினப்புறந்தான் சீமக்கருவேலம் மொளச்சுது. வேம்பெல்லாம் உங்கம்மா தண்ணி ஊத்தி வளத்தது. அந்தப் புள்ள கிட்ட சொல்லு.’

அதனால் சொல்கிறேன். நாங்கள் காட்டுக்குள் போகவில்லை மதி. காடுதான் எங்களைச் சுற்றி வந்தது. உன் செயற்கைக்கோள் 2001-ல்தான் கண்ணைத் திறந்ததா? அதற்கு முந்தைய படங்கள் எங்கே?

அம்பிகா

*

மயூர் விஹார்,
17 ஜூலை 2024

அம்பிகா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

படங்கள் இருக்கின்றன. எண்பதுகளிலிருந்தே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆபீஸில் எல்லோரும் போன பிறகு 1989 மே மாதப் படத்தைத் திறந்தேன். மேகமே இல்லாத நாள். உன் அப்பா சொன்னதுதான். இன்றைக்குப் பச்சையாகத் தெரிகிற சரிவு முழுக்கச் சுண்ணாம்பு கொட்டியது போல வெள்ளை. மே மாதம் என்பதால் இலை உதிர்ந்திருக்கலாமே என்று அதே வருட அக்டோபர் படத்தையும் எடுத்தேன். மழை முடிந்த பிறகும் வெள்ளைதான். அதன் மேற்கு ஓரத்தில், வெள்ளையும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், சாம்பல் நிறத்தில் பதினாறு புள்ளிகள். அதுதான் நீங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமாகப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்றில் வடக்கிலிருந்து பச்சை கசிகிறது. தொண்ணூற்றாறில் குழிகளை மூடிவிட்டது. 2001-ல் உங்கள் சந்துகளில் இருந்த மரங்கள் கூரைகளுக்கு மேலே விரிந்துவிட்டன. மேலேயிருந்து பார்த்தால் காடு. பிறகு நீங்கள் மாடி எழுப்பினீர்கள், தகரமும் சிமெண்டும் வெளியே தெரிந்தன. கணினி அதைக் காடு அழிந்தது என்று எண்ணிக்கொண்டது. நானும் எண்ணிக்கொண்டேன்.

இருபத்தேழு ஏக்கர் சிவப்பில் உங்கள் பங்கு ஐந்துகூட இல்லை. மீதியெல்லாம் கிழக்கே புதிய சாலையும், உயரமான மதில் கட்டிய பண்ணை வீடுகளும்.

ஏன் 2001 என்று நீ கேட்பாய். யாரும் மிரட்டவில்லை. எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் ‘சுமார் இருபது வருடம்’ என்றார்கள். என் முதல் வரைவில் 1989 இருந்தது. பழைய படங்களும் புதிய படங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் ஆகும். மார்ச் முடிவதற்குள் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். நானே வெட்டினேன்.

நேற்று எங்கள் டைரக்டரிடம் துணை அறிக்கை ஒன்று கொடுக்கலாமா என்று கேட்டேன். ‘காந்திமதி ஜி, ஜோ ஹோ கயா, ஸோ ஹோ கயா’ என்றார். நடந்தது நடந்ததுதானாம். செப்டம்பரில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறவர் அவர்தான். வீட்டில் என் கணவன் கௌதமனிடம் சொன்னேன். ‘உன் ரிப்போர்ட்டுக்கு எதிரா நீயே சாட்சி சொல்லப் போறியா? அப்புறம் யாரு உன்ன வேலைக்கு வைப்பா?’ என்றான்.

படத்தை இத்துடன் வைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

மதி

*

நரேலா,
24 ஜூலை 2024

மதி,

அவகாசம் கொடுப்பது என் கையில் இல்லை. ஆகஸ்ட் 19 விசாரணை.

திங்கள்கிழமை கேம்புக்குப் போன அப்பா ராத்திரி திரும்பி வரவில்லை. மறுநாள் மதியம் மெஹ்ரோலி பஸ் நிலையத்தில் முத்து கண்டுபிடித்தான். கேம்பில் கம்பி வேலி போட்டுவிட்டார்களாம். உள்ளே போக விடாமல் காவலாளி தள்ளியதில் முழங்கை உரிந்திருக்கிறது. திரும்பும்போது நரேலா என்ற பெயரே அவருக்கு வாயில் வரவில்லை. ஏறிய பஸ்ஸில் எல்லாம் ‘பஹாடி கேம்ப், பஹாடி கேம்ப்’ என்றே டிக்கெட் கேட்டிருக்கிறார். ‘பாபா, ஐஸி கோயி ஜகா நஹீ ஹை’ என்று கண்டக்டர்கள் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அப்படி ஓர் இடமே இல்லையாம்.

உனக்குத் தெரியும், இருக்கிறது என்று. பதினாறு புள்ளியை எண்ணிப் பார்த்திருக்கிறாய். எண்ணிவிட்டு மேசைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாய்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அம்பிகா

*

மயூர் விஹார்,
2 ஆகஸ்ட் 2024

அம்பிகா,

சுபாஷிணியைப் போய்ப் பார்த்தேன். என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் கொடுக்கிறேன். 2001-ல் தொடங்கியது தவறு என்றும் அதில் எழுதுகிறேன். கௌதமன் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று காலை, ‘கோர்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?’ என்று மட்டும் கேட்டான்.

ஆனால் இதற்கு முன் உன்னிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதல் விஷயம். என் முதல் கடிதத்தில் நான் சொன்னது பொய். அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் சிவப்புப் பூசும்போதே, மலைப்பாதை வளைகிற விதத்தைப் பார்த்ததும் கை நின்றது. இது அம்பிகா வீடாயிற்றே என்று நினைத்தேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். பெயர் எழுதியிருக்கவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது இதைவிடக் கஷ்டம். நீதிமன்றத்துக்கு நான் எல்லா வருடங்களையும் கொடுக்க வேண்டும். 2008 படம் வரை கேம்ப் அந்தப் பதினாறு புள்ளியைத் தாண்டவில்லை. 2010 படத்தில் தெற்குப் பக்கம் நான்கு புள்ளிகள் புதிதாகச் சாம்பலாகின்றன. அங்கே அதுவரை இருந்தது உண்மையான காடு. வெட்டியிருக்கிறார்கள். பத்தொன்பது வீடுகள் கொண்ட அந்த வரிசை உன்னுடையது. 2009-ல் உனக்குக் கல்யாணமாகி அங்கே பால் காய்ச்சியபோது நான் வந்தேனே, அதனால் தெரியும்.

அதாவது, இந்தப் படங்கள் நாற்பத்தொரு வீட்டைக் காப்பாற்றும். உன் வீடு உட்படப் பத்தொன்பது வீடுகள் 2006-க்குப் பிறகு வந்தவை என்று அதே படங்கள் காட்டிக்கொடுக்கும்.

1989 முதல் 2001 வரையிலான படங்களை மட்டும் கொடுத்தால் அறுபது பேரும் தப்பலாம். யாரும் மீதியைக் கேட்காமலேகூட இருக்கலாம். என்ன செய்யட்டும்? நீ சொல்.

மதி

*

நரேலா,
9 ஆகஸ்ட் 2024

மதி,

உன் கடிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு மறுபடி எடுத்து நீவினேன். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே சிவப்புப் பூசினாய். இப்போது முடிவை மட்டும் என் தலையில் வைக்கிறாய். ‘நீ சொல்’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

ஆமாம், அங்கே மரம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய மாதம் முத்துவும் என் வீட்டுக்காரரும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து வெட்டினார்கள். எல்லாம் சீமைக்கருவேலம் இல்லை, நல்ல மரமும் இருந்தது. நானும் அரிவாளோடு நின்றேன். முள்ளை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்து, மருதாணி வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. வேறு எங்கே போவோம்? அப்பா வீட்டில் அப்போதே எட்டுப் பேர்.

பத்தொன்பது வீட்டு ஆட்களையும் ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்துக்குக் கீழே கூட்டினேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். முத்து எழுந்து, ‘உன் ஃப்ரெண்டு மொதல்ல ஊட்ட இடிக்க வெச்சா, இப்ப திரும்பக் கெடைக்காமயும் பண்றா. நீ அவளுக்கு லெட்டரு எழுதிக்கினு ஒக்காந்திருக்க’ என்றான். கோவிந்தம்மாள் அக்கா வீடு எனக்கு அடுத்தது. அவள்தான், ‘நம்ம மறைக்கப் போயி அவனுங்க கண்டுபுடிச்சிட்டா, அந்த நாப்பத்தொண்ணும் பொய்யினு ஆயிடும் இல்ல?’ என்றாள். கை தூக்கச் சொன்னேன். பதினொரு கை எழுந்தது. எட்டு எழவில்லை. அந்த எட்டில் முத்துவுடையதும் ஒன்று.

எல்லாப் படத்தையும் கொடு. 2010-ஐயும் கொடு. கொஞ்ச வருடத்தை விட்டுவிட்ட படத்தால்தான் நாங்கள் தெருவுக்கு வந்தோம். அதே வேலையை என்னால் செய்யச் சொல்ல முடியாது.

நான் நல்லவள் என்பதால் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அம்பிகா

*

மயூர் விஹார்,
5 டிசம்பர் 2024

அம்பிகா,

தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். நாற்பத்தொரு குடும்பத்துக்கு மாற்று வீடு. பத்தொன்பதுக்கு இல்லை. கிழக்கே மதில் கட்டியவர்களுக்கும் நோட்டீஸ் போகிறதாம். அவர்களிடம் நான்கு வக்கீல்கள் இருப்பார்கள். என்ன ஆகுமோ.

ஆகஸ்டில் நான் சாட்சி சொன்ன அன்று நீ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். எதிர்த்தரப்பு வக்கீல், ‘மேடம், உங்கள் முந்தைய அறிக்கை பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?’ என்று கேட்டார். இரண்டுமே உண்மை, முதலில் சொன்னது பாதி மட்டும் என்றேன். நீதிபதி, ‘ஏன் பாதி?’ என்றார். மார்ச்சுக்குள் முடிக்க வேண்டியிருந்தது என்றேன். அதைவிட அவமானமான பதில் எனக்குத் தெரியாது. ஆனால் அதுதான் நடந்தது.

வெளியே வராந்தாவில் உன்னைத் தேடினேன். நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாய். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை, இடமில்லை என்றார்கள். இப்போது ஒரு கல்லூரியில் வாரம் மூன்று நாள் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே பஹாடி கேம்ப் படங்களைக் காட்டினேன், 1989-லிருந்து.

ராத்திரி தூக்கம் சரியில்லை. அந்த நான்கு புள்ளிதான் கண்ணில் வருகிறது. நீ எங்கே இருக்கிறாய்? உன்னைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் அதையாவது எழுது.

மதி

*

சங்கம் விஹார்,
20 ஜூலை 2025

மதி,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. போடப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. நீ மூன்று முறை கார்டு போட்டாய். அவற்றை வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு நரேலாவில் நான்காவது மாடியில் வீடு கொடுத்தார்கள். ஏறினால் இறங்க முடியவில்லை, இறங்கினால் ஏற முடியவில்லை. ஜன்னலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து, போகிற பஸ் நம்பர்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அவரோடு இருக்கிறார்கள். முத்து வரும்போதெல்லாம் அப்பாவிடம் பேசிவிட்டு என்னைத் தாண்டிப் போகிறான்.

நான் வாரத்தில் ஆறு நாள் இங்கே, கோவிந்தம்மாள் அக்கா அறையில் தங்குகிறேன். ஏன் தெரியுமா? பஹாடி கேம்ப் இடத்தில் மரம் நடுகிறார்கள். கூலிக்கு ஆள் எடுத்த காண்ட்ராக்டர் பழைய கேம்ப் ஆட்களையே கூப்பிட்டான். எங்கே பாறை, எங்கே மண் என்று எங்களுக்குத்தான் தெரியுமாம். போகக் கூடாது என்று முதலில் நினைத்தேன். அப்புறம், வேறு யாரோ வந்து அங்கே கடப்பாரை போடுவதை நினைத்தால் பொறுக்கவில்லை.

இரண்டு வாரமாகக் குழி தோண்டுகிறேன். வியாழக்கிழமை என் வரிசைக்கு வந்தோம். முதல் குத்திலேயே சமையலறைத் தரை வந்தது. சிவப்பு ஆக்சைடு போட்டு நானே தேய்த்த தரை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, ‘அரே, பக்கா ஃபர்ஷ் ஹை. சோடோ, ஆகே கோதோ’ என்றான். விட்டுவிட்டுத் தள்ளித் தோண்டச் சொன்னான். ‘நஹீ பையா, நான் ஒடைச்சிக்கிறேன்’ என்று பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டு உடைத்தேன். மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. அக்கா பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். தரைக்குக் கீழே நல்ல கருப்பு மண். ஒரு புரசமரக் கன்று வைத்தேன்.

நேற்றுப் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். போட்டோ எடுக்க வேண்டும், கூலியாட்கள் நகர்ந்து நில்லுங்கள் என்றார்கள். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் வேலிக்கு வெளியே போய் நின்றோம். அவர்கள் நான் வைத்த செடிக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. கொஞ்ச வருடத்தில் உன் படத்தில் இந்த இடம் பச்சையாகிவிடும். யாராவது ஒரு பெண் உன்னைப் போல் உட்கார்ந்து, காடு திரும்ப வளர்ந்தது என்று நீலம் போடுவாள். அதில் பெயர் எழுதியிருக்காது. அதனால் உன் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல எழுதித் தருகிறேன். வேலிக் கதவிலிருந்து மூன்றாவது வரிசையில், பதினொன்றாவது குழி முதல் இருபத்திரண்டாவது குழி வரை நான் வைத்தவை. எட்டு வேம்பு, நான்கு புரசு. அடுத்த பத்தும் கோவிந்தம்மாள் அக்கா.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. சில நாள் போய்விடுகிறது. வியாழக்கிழமை மாதிரி நாளில் திரும்பி வருகிறது.

மழை நின்றுவிட்டால் இந்த மாதக் கடைசிக்குள் வேலையை முடித்துவிடுவார்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவார்கள், வேலிக்கு வெளியே உட்கார்ந்திருப்போம். வருவதென்றால் அந்த நேரத்துக்கு வா. செருப்போடு வராதே, ஷூ போட்டு வா. பழைய முள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது.

அம்பிகா